சாங்குவின்: ஆப்டிமிஸ்டிக்குக்கு பதிலா எங்க போடலாம், எங்க போடவே கூடாது - முழுமையான வழிகாட்டி

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தம்பி, வெளிநாட்டுல மேற்படிப்புக்கு எழுதுற ஜிஆர்இ எக்ஸாமுக்கு எழுதிப் பழகின கட்டுரை ஒன்னை அனுப்பி, திருத்தித் தாங்கன்னு கேட்டாப்ல. நல்லாவே எழுதியிருந்தாப்ல, ஆனா நடுவுல ஒரு வரி: 'மை அங்கிள் இஸ் எ வெரி சாங்குவின் மேன், வீ ஆல் டிபெண்ட் ஆன் ஹிம்.' எங்க மாமா ரொம்ப நம்பிக்கையான ஆளு, நாங்க எல்லாரும் அவரைத்தான் நம்பி இருக்கோம்னு சொல்ல வந்திருக்காப்ல. இலக்கணத்துல தப்பே இல்ல, ஸ்பெல்லிங்கும் சரி, ஆனா படிக்கிறவங்களுக்கு புரியப்போறது என்னன்னா, இந்த மாமா எது நடந்தாலும் 'அதெல்லாம் நல்லபடியா முடியும்'னு அசராம உட்கார்ந்திருக்கிற ஆளு. நம்பகமானவர்ங்கிற அர்த்தம் அந்த வரியில எங்கயுமே வராது. கேட்டா, மனப்பாடம் பண்ணின வோர்ட் லிஸ்ட்ல சாங்குவின்னா 'நம்பிக்கையான'ன்னுதான் போட்டிருந்துச்சாம்.

தப்பு தம்பி மேல இல்ல, அந்த ஒத்த வார்த்தை அர்த்தம் மேலதான். அதனால இந்த ஒரே ஒரு சொல்லை எடுத்து, அது எங்கிருந்து வந்துச்சு, யாரோட சேரும், யாரோட சேராது, அதோட சினானிம்ஸ் எல்லாம் எங்க எங்க பிரியுதுன்னு படிப்படியா பார்த்துடலாம். அவசரம் இல்லாம படிங்க.

முதல் படி: தமிழ் 'நம்பிக்கை'யை முதல்ல பிரிச்சு வைங்க

நமக்கு நம்பிக்கைங்கிறது ஒரே வார்த்தை. இங்கிலீஷ்ல அதுக்கு குறைஞ்சது அஞ்சு இருக்கு. ஒருத்தர் ஏமாத்த மாட்டார்னு இருக்கிற நம்பிக்கை ட்ரஸ்ட். கடவுள் மேலயோ ஒரு கொள்கை மேலயோ வைக்கிறது ஃபெய்த். ஒரு விஷயம் உண்மைன்னு மனசு ஏத்துக்கிறது பிலீஃப். என்னால முடியும்ங்கிற தெம்பு கான்ஃபிடன்ஸ். நல்லது நடக்கணும், நடக்கும்னு எதிர்பார்க்கிறது ஹோப். சாங்குவின் இந்த கடைசி ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. ஹோப்பும் உண்டு, கூடவே ஒரு தெம்பும் உண்டு, ஆனா ட்ரஸ்ட் பக்கமோ ஃபெய்த் பக்கமோ அது போறதே இல்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 'நம்பிக்கையான செய்தி'ன்னு நாம சொன்னா, நம்பிக்கை தர்ற செய்தின்னும் எடுத்துக்கலாம், நம்பத்தகுந்த செய்தின்னும் எடுத்துக்கலாம். சாங்குவின் எப்பவும் நம்பிக்கை *வச்சிருக்கிற* பக்கம்தான், நம்பிக்கை *தர்ற* பக்கம் கிடையாது. அதனால 'சாங்குவின் நியூஸ்'னு எழுதினா ஒட்டாது, அங்க என்கரேஜிங், ப்ராமிசிங் மாதிரி ஏதாவது வரணும். செய்திக்கு மனசு இல்ல, அதை கேட்கிற ஆளுக்குத்தான் மனசு இருக்கு, அந்த ஆளுதான் சாங்குவினா இருக்க முடியும்.

இப்போதைக்கு தமிழ்ல இப்படி எழுதி வச்சுக்கோங்க: சாங்குவின்னா, நிலைமை அவ்வளவா சரியில்லாதப்பவும் நல்லபடியா முடியும்னு கலங்காம இருக்கிறது. நீளமா இருக்கு, தெரியுது, ஆனா ஒத்த வார்த்தையில அடக்கினதாலதான் தம்பி மாட்டினாப்ல.

ரெண்டாவது படி: வாய்ல சரியா வரட்டும்

எழுத்து வரிசை எஸ், ஏ, என், ஜி, யு, ஐ, என், இ. கடைசி இ-யை பார்த்துட்டு நிறைய பேர் 'சாங்கைன்'னு சொல்றாங்க, அது தப்பு. பெங்குவின் பறவையை நினைச்சுக்கோங்க, அதே 'ங்குவின்' தான் இங்கயும். அழுத்தம் முதல் அசையில, 'சாங்'ல. அந்த 'சா'வும் நம்ம சாப்பாட்டுல வர்ற சா இல்ல, கேட்ங்கிற பூனைக்கு வர்ற ஒலி, சே-க்கும் சா-வுக்கும் நடுவுல வரும்.

மூணாவது படி: ரத்தம் எப்படி நம்பிக்கையாச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க

எனக்கு இந்த வார்த்தையில ரொம்ப பிடிச்ச பகுதியே இதுதான், இது பிடிபட்டுட்டா அப்புறம் மறக்கவே மறக்காது.

லத்தீன்ல சாங்குயிஸ்னா ரத்தம். அங்கிருந்து பழைய ஃப்ரெஞ்சு வழியா 14ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு. அந்த காலத்து ஐரோப்பிய மருத்துவம் கிரேக்கத்து ஹிப்போக்ரட்டிஸ் வழில வந்து, அப்புறம் கேலன்ங்கிற வைத்தியர் விரிவாக்கின ஒரு கணக்கை நம்பிட்டு இருந்துச்சு. உடம்புல நாலு திரவம் ஓடுது, ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம், இதுல எது தூக்கலா இருக்கோ அதுதான் ஒரு ஆளோட குணம். சளி தூக்கலா இருந்தா எதுக்கும் அசையாத மந்தமான ஆளு, அதுதான் ஃப்ளெக்மேடிக். மஞ்சள் பித்தம் ஏறினா மூக்கு மேல கோபம், கோலரிக். கரும்பித்தம்னா எப்பவும் சோகம், மெலன்கலிக், அந்த வார்த்தைக்கே கிரேக்கத்துல கறுப்புப் பித்தம்னுதான் அர்த்தம். ரத்தம் தூக்கலா இருக்கிறவங்க சாங்குவின், அதாவது சிவந்த முகம், நல்ல பசி, கலகலப்பான பேச்சு, நாளைய பத்தி கவலைப்படாத மனசு.

இந்த மருத்துவம் போய் எவ்வளவோ காலமாச்சு, ஆனா அந்த நாலு சொல்லும் குணத்தை சொல்ற சொல்லா இங்கிலீஷ்ல அப்படியே தங்கிடுச்சு. இதுல நமக்கு ஆச்சரியப்பட ஒன்னும் இல்ல, பித்தம் தலைக்கேறிடுச்சுன்னு இன்னைக்கும் நாம சொல்றோம்ல, உடம்புல ஓடுற சரக்குக்கும் மனசுக்கும் முடிச்சு போடுற பழக்கம் ரெண்டு பக்கமும் இருந்திருக்கு.

14ஆம் நூற்றாண்டு கடைசியில சாஸர்ங்கிற இங்கிலீஷ் கவிஞர் எழுதின கேன்டர்பரி டேல்ஸ்ங்கிற கதைத் தொகுப்புல ஃப்ராங்க்ளின்னு ஒரு நிலக்காரர் வருவார், வெள்ளைத் தாடி, நல்லா சாப்பிடுறவர், காலையிலயே ரொட்டியை ஒயின்ல நனைச்சு சாப்பிடுறவர். அவரோட உடல்வாகை சொல்றப்போ சாஸர் போட்ட சொல் சாங்குவின். அங்க அதுக்கு ஆப்டிமிஸ்டிக்னு அர்த்தம் இல்ல, ரத்தம் தூக்கலான ஆளுன்னு அர்த்தம், ஆனா அந்த மனுஷனை பார்த்தாலே வார்த்தை அடுத்து எந்தப் பக்கம் நகரப்போகுதுன்னு தெரிஞ்சுடும். 1500 வாக்குல நல்லதை எதிர்பார்க்கிற மனசுங்கிற அர்த்தம் ஒட்டிக்கிச்சு, இன்னைக்கு அதுதான் முதல் அர்த்தம்.

சரி, நமக்கு இதை எப்படி மனசுல நிறுத்துறது? தமிழ்ல ரத்தம்னாலே கோபம்தான் ஞாபகம் வரும், ரத்தம் கொதிக்குதுன்னு சொல்றோம், அதனால சாங்குவினுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம்னு கேள்விப்பட்டதுமே நிறைய பேர் கோபக்காரன்னு நினைச்சுக்கிறாங்க. அந்த வழியா போகாதீங்க. பயந்து போனவங்களை பார்த்தா என்ன சொல்லுவோம்? 'மூஞ்சியில ரத்தமே இல்லையே'ன்னு சொல்லுவோம். அதை அப்படியே திருப்பிப் போடுங்க. கெட்ட செய்தி வந்தப்பவும் யாரு முகத்துல ரத்தம் வத்தலையோ அவங்கதான் சாங்குவின். இது ஒன்னு போதும், வேற எந்த ஞாபகக் குறுக்குவழியும் தேவைப்படாது.

நாலாவது படி: பக்கத்துல ஒரு கஷ்டத்தை வைங்க

டிக்ஷனரில ஆப்டிமிஸ்டிக், சாங்குவின் ரெண்டும் ஒன்னா இருக்கும். ஆனா நல்ல டிக்ஷனரியை கொஞ்சம் கூர்ந்து பாருங்க, சாங்குவினுக்கு 'குறிப்பா கஷ்டமான சூழ்நிலையில'ன்னு ஒரு ஒட்டு இருக்கும். அந்த ஒட்டுதான் விஷயமே. எல்லாம் நல்லா போயிட்டிருக்கு, மார்க் நல்லா வருது, வாத்தியாரும் பாராட்டுறாரு, அங்க போய் 'ஷீ இஸ் சாங்குவின் அபவுட் ஹெர் ரிசல்ட்ஸ்'னு எழுதினா தப்பு இல்ல, ஆனா என்னமோ பின்னாடி ஒரு பிரச்சனை இருக்கு போலன்னு படிக்கிறவர் தேட ஆரம்பிப்பார். அதுவே 'டிஸ்பைட் த டிலேஸ், ஷீ இஸ் சாங்குவின் அபவுட் த ப்ராஜெக்ட்'னு பாருங்க, இத்தனை தாமதம் ஆகியும் அவங்க கலங்கலன்னு வரி கச்சிதமா உட்காருது.

இதைவிட முக்கியமா ஒன்னு சொல்றேன், வோர்ட் லிஸ்ட்ல பெரும்பாலும் இருக்காது. இந்த வார்த்தையை நல்லா எழுதுறவங்க நிறைய தடவை இல்லைங்கிற பக்கமா திருப்பித்தான் போடுவாங்க. 'ஐ ஆம் நாட் சோ சாங்குவின்', 'அதர்ஸ் ஆர் லெஸ் சாங்குவின்', 'ஷீ இஸ் ஃபார் ஃப்ரம் சாங்குவின்', இப்படி. தலையங்கம், பொருளாதாரக் கட்டுரை, ஆய்வறிக்கை எதை எடுத்தாலும், முதல்ல ஒருத்தர் எல்லாம் சரியாயிடும்னு சொல்லியிருப்பாரு, அடுத்த பாராவே 'அதர் எக்ஸ்பர்ட்ஸ் ஆர் லெஸ் சாங்குவின்'னு ஆரம்பிக்கும். மத்தவங்களுக்கு அந்தளவு தெம்பு இல்லைன்னு அர்த்தம். எதிர்க்கிறோம்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லாம, எனக்கு அவ்வளவு உறுதி இல்லைன்னு மரியாதையா விலகுறதுக்கு இதைவிட பொருத்தமான சொல் இங்கிலீஷ்ல குறைவு. நீங்க முதன்முதலா இந்த சொல்லை எழுதப்போறீங்கன்னா இந்த 'லெஸ் சாங்குவின்'ல இருந்தே தொடங்குங்க, தப்பு வர வாய்ப்பு ரொம்ப கம்மி.

'டூ சாங்குவின்', 'ஓவர்லி சாங்குவின்'னு வந்தா குற்றச்சாட்டு மாதிரி. ஆபத்து கண்ணு முன்னாடி நிக்குது, இவர் அளவுக்கு மீறி தெம்பா இருக்காருன்னு சொல்றாங்க. அங்க அது காம்ப்ளேசன்ட்டுக்கு, அதாவது ஆபத்தை கண்டுக்காம திருப்தியா உட்கார்ந்திருக்கிறதுக்கு, பக்கத்து வீடு.

அஞ்சாவது படி: கூட வர்ற சொற்கள்

பின்னாடி வர்றது பெரும்பாலும் அபவுட். 'சாங்குவின் அபவுட் த ஃப்யூச்சர்', 'சாங்குவின் அபவுட் ஹிஸ் சான்சஸ்'. பழைய புத்தகங்கள்ல 'சாங்குவின் ஆஃப் சக்சஸ்'னு பார்க்கலாம், புரிஞ்சுக்கிட்டா போதும், நீங்க எழுத வேண்டாம். 'சாங்குவின் தட்'னு ஒரு முழு வாக்கியத்தை தொடுக்கிறதும் உண்டு. 'சாங்குவின் டு வின்' மாதிரி டு போட்டு வினை சேர்க்கிறது கூடாது.

பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி போடுறதா இருந்தா டெம்பரமென்ட், டிஸ்பொசிஷன், வியூ, அவுட்லுக், அசெஸ்மென்ட், எக்ஸ்பெக்டேஷன்ஸ் இதுகளோட நல்லா சேரும். எல்லாமே மனசு, பார்வை, கணிப்பு சம்பந்தப்பட்டதுன்னு கவனிங்க. வெதர், கலர் ட்ரெஸ், பார்ட்டி இதோட எல்லாம் சேராது. ஒப்பிடும்போது மோர் சாங்குவின், மோஸ்ட் சாங்குவின். சாங்குவின்லின்னு வினையடை உண்டு, எழுத்துல எப்பவாவது வரும்.

இடம் பொருள் ஏவல் பார்க்கணும். இது எழுத்து மொழிச் சொல். ஃப்ரெண்டு எக்ஸாம் எழுதிட்டு வந்து எப்படிடா வரும்னு கேட்டா ஹோப்ஃபுல்னு சொல்லிட்டு போங்க, அங்க சாங்குவின் போட்டா பேச்சுக்கு நடுவுல மைக் பிடிச்ச மாதிரி இருக்கும். ஆபீஸ் ரிப்போர்ட், கட்டுரை, நேர்காணல்ல யோசிச்சு சொல்ற பதில், அங்க எல்லாம் தாராளமா வரட்டும்.

ஆறாவது படி: சினானிம்ஸை ஒரே சூழ்நிலையில நிறுத்திப் பாருங்க

லிஸ்ட்டா படிச்சா எல்லாம் ஒன்னு மாதிரியே தெரியும். அதனால ஒரு காட்சி வச்சுக்கலாம். ஒரு டீம் இருக்கு, ரெண்டு வாரத்துல வேலையை முடிச்சுக் குடுக்கணும், பாதி வேலை இன்னும் அப்படியே கிடக்கு, ஒருத்தர் வேற லீவுல போயிட்டாரு. மேனேஜர் ஒவ்வொருத்தரா கேட்கிறாரு, முடியுமா?

'ஐ ஆம் ஹோப்ஃபுல்'னு ஒருத்தர் சொன்னா, முடிஞ்சா நல்லா இருக்கும், முடியும்னுதான் தோணுதுன்னு அர்த்தம். ஆசை தூக்கலா இருக்கு, உறுதி கம்மி. 'ஐ ஆம் கான்ஃபிடன்ட்'னு அடுத்தவர் சொன்னா அவர் கணக்கு போட்டு பார்த்திருக்காரு, முடியலைன்னா அவரை கேள்வி கேட்கலாம். 'ஐ ஆம் ஆப்டிமிஸ்டிக்' இந்த ரெண்டுக்கும் நடுவுல. லத்தீன் ஆப்டிமம், அதாவது மிகச் சிறந்ததுங்கிற சொல்லுல இருந்து வந்தது, இருக்கிற வாய்ப்புகள்ல நல்லதுதான் நடக்கும்னு பார்க்கிற பார்வை. எந்த இடத்துலயும் ஒட்டிக்கிற பொதுச்சொல், சந்தேகம்னா இதையே போட்டுடுங்க.

அந்த டீம் லீடர் மட்டும் லீவு லெட்டரை பார்த்துட்டும் டீ கப்பை கீழ வைக்காம 'பார்த்துக்கலாம், முடிஞ்சிடும்'னு சொல்றாரு பாருங்க, அவர்தான் சாங்குவின். பிரச்சனை தெரியும், தெரிஞ்சும் பதறல. மேனேஜர் மட்டும் அவ்வளவு சாங்குவினா இல்லைன்னா 'த மேனேஜர் வாஸ் லெஸ் சாங்குவின்'னு அடுத்த வரியை எழுதிடலாம்.

பாயன்ட் (பி, யு, ஓ, ஒய், ஏ, என், டி) வேற மாதிரி. தண்ணில அமுக்கினாலும் மேல வர்ற பொருளுக்கு சொல்ற வார்த்தை அது, அதனால அடி வாங்கியும் மறுபடி மறுபடி உற்சாகமா எழுந்து வர்ற மனசுக்கு பொருந்தும். சாங்குவின்ல அமைதி இருக்கு, பாயன்ட்ல துள்ளல் இருக்கு. மார்க்கெட், விற்பனை மாதிரி ஆள் இல்லாத விஷயங்களுக்கும் பாயன்ட் போடலாம், அது ஒரு வசதி. அப்பீட்னா உற்சாகமான, பேச்சுவழக்குக்கு பக்கம், குரல், பாட்டு, மூட் இதோட எல்லாம் சேரும். புல்லிஷ் பங்குச்சந்தையில பிறந்த சொல், விலை ஏறும்னு பணத்தை போட தயாரா இருக்கிறவங்க 'புல்' (காளை), இறங்கும்னு நினைக்கிறவங்க 'பேர்' (கரடி). இப்போ சந்தைக்கு வெளியவும் வருது, ஆனா காசு வாசனை போகல, நோயாளியோட உடல்நிலை பத்தி புல்லிஷ்னு எழுதினா படிக்கிறவருக்கு உறுத்தும். அங்க டாக்டர் சாங்குவினா இருக்கலாம், காஷஸ்லி ஆப்டிமிஸ்டிக்காவும் இருக்கலாம்.

ரோசி நேர் எதிர், அது ஆளுக்கு வராது, படத்துக்குத்தான் வரும். 'எ ரோசி பிக்சர்', 'எ ரோசி ஃபோர்காஸ்ட்'. பெரும்பாலும் உண்மையைவிட அழகா காட்டியிருக்காங்கங்கிற சந்தேகம் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

கண்மூடித்தனமான நம்பிக்கைக்கு ரெண்டு சொல் தனியா இருக்கு, ரெண்டுமே கதாபாத்திரத்து பேர்ல இருந்து வந்தது. ஃப்ரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1759ல வெளியிட்ட காண்டீட்ங்கிற கதையில பாங்ளாஸ்னு ஒரு தத்துவ வாத்தியார், எவ்வளவு பேரழிவு நடந்தாலும் எல்லாம் நல்லதுக்கேன்னு பாடம் நடத்துவார், அவரை வச்சு வந்தது பாங்ளாசியன். 1913ல எலினார் போர்ட்டர் எழுதின பொலியானா நாவல்ல எந்த கஷ்டத்துலயும் சந்தோஷப்பட ஒன்னை தேடி எடுக்கிற சின்னப் பொண்ணு, அவ பேரே பெயர்ச்சொல்லாவும் ஆயிடுச்சு. ரெண்டையும் சாங்குவினுக்கு பதிலா போட்டுடாதீங்க. சாங்குவின் ஆளுக்கு ஆபத்து தெரியும், பாங்ளாசியன் ஆளு அதை பார்க்க மறுக்கிறவர்.

ஏழாவது படி: ஒரே குடும்பம், வேற குணம்

இங்கதான் ரொம்ப கவனம் வேணும். சாங்குவினரின்னு ஒரு சொல் இருக்கு, கடைசியில ஆர்-உம் ஒய்-உம் வரும். அது ரத்தக்களறியான, ரத்தவெறி பிடிச்சங்கிற அர்த்தம். ரத்தத்துல நேரா நின்னுட்ட பிள்ளை அது, சாங்குவின் மட்டும்தான் நம்பிக்கை பக்கம் வந்துச்சு. வாடிக்கையாளருக்கு எழுதுற மெயில்ல 'வீ ரிமெய்ன் சாங்குவினரி'ன்னு போனா, நாங்க இன்னும் ரத்தவெறியோடதான் இருக்கோம்னு அர்த்தம் ஆயிடும். அனுப்புறதுக்கு முன்னாடி கடைசி எழுத்தை ஒரு தடவை விரல் வச்சு பாருங்க, ஸ்பெல் செக் இதை பிடிக்காது, ஏன்னா ரெண்டுமே சரியான சொல்தான்.

சாங்ஃப்ர்வா ஃப்ரெஞ்சுல இருந்து வந்தது, அங்க நேர் அர்த்தம் குளிர்ந்த ரத்தம். ஆபத்துல பதறாத நிதானம். சாங்குவின் ஆளுக்கு நல்லது நடக்கும்ங்கிற எதிர்பார்ப்பு இருக்கும், சாங்ஃப்ர்வா இருக்கிறவருக்கு அது தேவையே இல்ல, தோத்தாலும் அதே முகம்தான். கான்சாங்குவினிட்டின்னா ரத்த உறவு, சட்டத்துலயும் மருத்துவத்துலயும் வரும். சிவப்பு சாக்குல வரையுற ஓவியத்துக்கும் சாங்குவின்னுதான் பேர், லியனார்டோ டாவின்சி அந்த சாக்குல வரைஞ்சிருக்காரு, அதனால ஓவியம் பத்தின கட்டுரையில இந்த சொல் வந்தா நம்பிக்கைன்னு மொழிபெயர்த்துடாதீங்க.

எதிர்ச்சொல் கேட்டா பெசிமிஸ்டிக், க்ளூமி. மனசு உடைஞ்சே போச்சுன்னா டெஸ்பான்டன்ட். எக்ஸாம்ல மெலன்கலிக்கும் ஆப்ஷன்ல வரலாம், நாலு திரவக் கதை தெரிஞ்ச உங்களுக்கு ஏன்னு சொல்லத் தேவையில்ல.

கடைசி படி: இப்போ நீங்க நிரப்புங்க

பதிலை பார்க்காம முதல்ல யோசிங்க.

ஒன்னு, 'டிஸ்பைட் டூ பேட் ரிவ்யூஸ், த எடிட்டர் இஸ் ____ அபவுட் த புக்.'
ரெண்டு, 'த டெஸ்ட் ரிசல்ட்ஸ் வேர் ____.'
மூணு, 'இன்வெஸ்டர்ஸ் ஆர் ____ ஆன் கோல்ட்.'
நாலு, 'இட் வாஸ் எ ____ பேட்டில்.'
அஞ்சு, 'ஹீ திங்க்ஸ் த பீஸ் டாக்ஸ் வில் சக்சீட். ஹிஸ் சிஸ்டர் இஸ் லெஸ் ____.'

முதல்ல சாங்குவின், ரெண்டு கெட்ட விமர்சனம்ங்கிற கஷ்டம் பக்கத்துலயே இருக்கு. ரெண்டாவதுல ரிசல்ட்டுக்கு மனசு இல்ல, அதனால என்கரேஜிங். மூணாவது புல்லிஷ், அந்த 'ஆன்'னே காட்டிக் குடுத்துடும். நாலாவது சாங்குவினரி. அஞ்சாவதுக்கு ஹோப்ஃபுல்லும் சரி, சாங்குவினும் சரி, ஆனா ரெண்டும் ஒரே தங்கச்சி இல்ல. லெஸ் ஹோப்ஃபுல்னா அவளுக்கு மனசு கொஞ்சம் சோர்ந்திருக்கு. லெஸ் சாங்குவின்னா அவ சோரல, அண்ணன் சொன்னதை கேட்டுட்டு தலையை மெதுவா ஆட்டி, 'எனக்கு அவ்வளவு சுலபமா தெரியலண்ணே'ன்னு சொல்றா.